வலைப்பூவை மூடாமல் காணொளிக்கு வருவது எப்படி: மொரிசியஸ் தமிழர்களின் கேள்விகளும் பதில்களும்

தமிழ் எழுத்துரு, ஒலிப்பதிவு, காணொளித் தொகுப்பு மூன்றும் தெரிந்த உறுப்பினர் ஒருவர் இந்த முறை பதில் சொல்கிறார். நீண்ட கேள்விகளைச் சுருக்கி, கேட்டவர்களை அவரவர் ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறோம்.

ரோஸ் ஹில்: வணக்கம் ஐயா. 2008-லிருந்து வலைப்பூ எழுதுகிறேன். இப்போது வாசிக்க ஆளில்லை. எல்லோரும் "வீடியோ போடுங்கள்" என்கிறார்கள். வலைப்பூவை மூடிவிட்டு யூடியூபுக்குப் போய்விடலாமா?

பதில்: மூடாதீர்கள். வாசகர் குறைந்ததற்கு உங்கள் எழுத்து காரணமில்லை. ஆளைக் கூட்டி வந்த வழிகள் அடைபட்டுவிட்டன. 2004-ல் வந்த தமிழ்மணம் மாதிரி, பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டிய திரட்டிகளும் ஓடை வாசிப்பான்களும்தான் அன்று வாசகர்களை அனுப்பின. அந்த வாசிப்பான்களில் ஒன்றான கூகுள் ரீடர் 2013 ஜூலை 1-ல் நின்றது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இந்தியாவில் டேட்டா விலை சரிந்ததும், தமிழில் தேடுகிற பெருங்கூட்டம் பார்க்கவும் கேட்கவும் போய்விட்டது. நம் தீவில் இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் தீவின் பேச்சுமொழியான கிரியோல் பேசி, பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளை நான்கு பத்தி வாசிக்கத் திணறும். அதையே பேசிக் காட்டினால் பாதிக்கு மேல் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் காணொளிக்கும் உரை, வசனவரி (சப்டைட்டில்), தலைப்பு, விவரக்குறிப்பு எல்லாம் எழுத வேண்டும். அந்த வேலை உங்களுக்கு ஏற்கெனவே கைவந்தது. உங்கள் வலைப்பூ கூகுளின் பிளாகரில் இருந்தால், முதலில் அதன் அமைப்புகளில் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். வருகிற கோப்பில் பதிவுகளும் பின்னூட்டங்களும் இருக்கும், படங்களுக்கு வெறும் இணைப்புதான் இருக்கும். படங்களைத் தனியாக இறக்குங்கள். டிஸ்கி, பாமினி எழுத்துருக்களில் தட்டிய பழைய கோப்புகள் கணினியில் கிடந்தால் இப்போதே எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும்.

மோக்கா: ஒப்பந்தக் கூலிகளாக வந்த முன்னோர்களைப் பதிவேடுகளில் தேடுவது பற்றி எழுதுகிறேன். கப்பல் பெயர், ஆண்டு, ஊர்ப் பெயர் எல்லாம் பட்டியலாக இருக்கும். இதையும் காணொளியாக்க வேண்டுமா?

பதில்: பட்டியலை எழுத்தாகவே விடுங்கள். ஒரு பெயரைத் தேடுகிறவருக்கு அந்தப் பெயர் எழுத்தில் இருந்தால்தான் கிடைக்கும். பன்னிரண்டாம் நிமிடத்தில் நீங்கள் வாயால் சொன்ன பெயரை எந்தத் தேடுபொறியிலும் நம்பிக்கையாகப் பிடிக்க முடியாது. அதிலும் அந்தக் காலக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் அவை. ஒரே பெயரின் நான்கு எழுத்து வடிவங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கிற வசதி பக்கத்தில்தான் உண்டு.

பதிவேட்டை எப்படிக் கேட்டு வாங்குவது, ஒரு பக்கத்தில் எந்தக் கட்டத்தில் என்ன இருக்கும் என்பதை ஐந்து நிமிடக் காணொளியாக்கிப் பதிவின் தலையில் வையுங்கள். கை அசைவு, ஒலி, உச்சரிப்பு இருக்கிற விஷயம் காணொளிக்கு ஏற்றது. கோலம், பறை அடி, ழகர ளகர வேறுபாடு எல்லாம் அந்த வகை. தேதி, பெயர், அளவு, முகவரி எழுத்துக்கு. நம் ரூபாய் நோட்டில் இருக்கும் தமிழ் எழுத்தையும் தமிழ் எண்ணையும் நெருக்கத்தில் காட்டும் குறுங்காணொளிக்கு ஒரு நிமிடம் போதும். 1998-ல் நோட்டில் தமிழின் இடம் மாறி, எதிர்ப்பு எழுந்து, அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்ட கதைக்குக் கட்டுரைதான் சரி.

குவாத்ர் போர்ன், தமிழாசிரியை: என் கட்டுரைகள் 1200 சொல் வரும். அப்படியே வாசித்துப் பதிவு செய்தேன். கேட்கவே சலிப்பாக இருக்கிறது.

பதில்: நிதானமாகத் தமிழ் வாசித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சொல் போகும். உங்கள் கட்டுரை 12 நிமிடம். அதை 600, 650 சொல்லாகக் குறைத்து, மீதியைப் படமே சொல்லட்டும் என்று விடுங்கள். நீளத்தைவிட வாக்கிய அமைப்புதான் அதிகம் படுத்தும். எழுத்தில் வினை கடைசியில் வருவதற்காகக் கண் காத்திருக்கும், காது காத்திருக்காது.

"பத்து நாட்கள் விரதம் அனுசரித்த பக்தர்களால் சுமந்துவரப்படும் காவடிகள் மலையடிவாரத்துக் கோயிலை அடைந்தவுடன் பாலாபிஷேகம் நடைபெறுகிறது." இது பக்கத்தில் ஓடும். பேசும்போது இப்படி உடையுங்கள்: "பத்து நாள் விரதம். அதற்கப்புறம்தான் காவடி. கோயில் மலையடிவாரத்தில். அங்கே போய்ச் சேர்ந்ததும் முருகனுக்குப் பாலாபிஷேகம்." ஒரு மூச்சில் சொல்ல முடியாத வாக்கியம் எதையும் உரையில் வைக்காதீர்கள். 'படுகிறது', 'நடைபெறுகிறது' வருகிற இடமெல்லாம் சிவப்புக் கோடு போடுங்கள். பாதி வேலை அங்கேயே முடியும்.

"அனைவருக்கும் வணக்கம், நம் சேனலுக்கு வரவேற்கிறோம்" என்று அரை நிமிடம் போவதை வெட்டுங்கள், அம்மா. பார்க்கிறவர்கள் விலகிப் போகிற இடம் அதுதான்.

ஃபிளாக்: வகுப்பறையில் டியூப் லைட்டுக்குக் கீழே எடுத்தால் திரையில் கறுப்புக் கோடுகள் மேலும் கீழும் ஓடுகின்றன. புது போன்தான்.

பதில்: போனில் கோளாறு இல்லை. நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். பல போன்கள் நொடிக்கு 30 சட்டகம் (ஃபிரேம்) என்ற அமைப்பில் வருகின்றன. ஷட்டர், அதாவது ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஒளியை உள்ளே விடும் நேரம், 1/60 நொடியில் நின்றால் இரண்டும் ஒத்துப்போகாமல் கோடு விழும்.

ஐபோனில் அமைப்புகள், கேமரா, வீடியோ பதிவு என்று போய் 'PAL வடிவங்களைக் காட்டு' (Show PAL Formats) என்பதை இயக்கி, 1080-ல் 25 சட்டகம் தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டில் புரோ வீடியோவுக்குப் போய் ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் கையால் நிறுத்துங்கள். 30 சட்டகம் மட்டுமே தருகிற போனிலும் 1/100 வைத்தால் கோடு மறையும். வெயிலில் இந்தத் தொல்லையே இல்லை, அங்கே ஷட்டரை போனிடமே விட்டுவிடலாம். ஒளியைக் கூட்டிக் குறைக்கும் மலிவு எல்இடி பல்புகள் சில வேறு வேகத்தில் துடிக்கும். அங்கே இந்த ஷட்டர் கணக்கு உதவாமல் போகலாம், அப்போது பல்பைத்தான் மாற்ற வேண்டும்.

மகேபூர்: கடலோரத்தில் பேசினால் காற்று இரைச்சல், வீட்டுக்குள் பேசினால் எதிரொலி. என்ன மைக் வாங்கலாம் அண்ணா?

பதில்: எந்த மைக் என்பதைவிட எங்கே மாட்டுகிறீர்கள் என்பது முக்கியம். சட்டையில் குத்தும் மைக்கைத் தாடைக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் மாட்டுங்கள். ஆயிரம் ரூபாய் மைக் ஒரு சாணில் இருப்பது, பத்தாயிரம் ரூபாய் மைக் இரண்டு மீட்டரில் இருப்பதைவிட நன்றாகக் கேட்கும். ஒலி அளவின் உச்சம் கழித்தல் 12-க்கும் கழித்தல் 6 டெசிபெல்லுக்கும் நடுவே நிற்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டால் கரகரக்கும், பிறகு சரிசெய்ய வழியில்லை.

மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று பலம். உங்கள் கரையில் நேராக அடிக்கும். மைக்கோடு வருகிற பஞ்சு உறை அதற்குப் போதாது, முடி வைத்த உறை வேண்டும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, தொகுக்கும்போது 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் தாழ்ந்த ஒலியை வெட்டிவிடுங்கள். எதிரொலிக்குக் காரணம் கான்கிரீட் சுவரும் டைல்ஸ் தரையும். படுக்கையறையில் அலமாரிக் கதவைத் திறந்து வைத்து, துணிகளைப் பார்த்தபடி பேசிப் பாருங்கள். தகரக் கூரையில் மழை பெய்தால் அன்றைக்குப் பதிவை நிறுத்திவிடுங்கள், அந்தச் சத்தத்தை எந்த வடிகட்டியும் எடுக்காது.

போர்ட் லூயி: வீடியோவுக்குள் தமிழில் எழுத்துப் போட்டால் 'கோயில்' என்பது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவே புள்ளி வட்டம் என்று வருகிறது.

பதில்: யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படும். அதை இடப்பக்கம் கொண்டுபோய் வைப்பது மென்பொருளின் பொறுப்பு. அது தெரியாத தொகுப்புச் செயலிகள் இருக்கின்றன. எழுத்துருவை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. அடோபியின் பிரீமியர் தொகுப்பு மென்பொருளில் விருப்பங்கள், கிராஃபிக்ஸ் பகுதியில் எழுத்து இயக்கியைத் 'தெற்காசிய மற்றும் மத்திய கிழக்கு' என்று மாற்றுங்கள். செயலியில் அப்படி ஒன்றும் இல்லையென்றால், இங்க்ஸ்கேப்பிலோ கேன்வாவிலோ எழுத்தைத் தட்டி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக்கி, காணொளி மேல் வையுங்கள். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், சிறிய திரையிலும் தெளிவு. மெல்லிய வகையைத் தவிர்த்துத் தடித்ததை எடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்றும் உண்டு. 'கௌமாரம்' என்பதைச் சிலர் கெ, ள என்று இரண்டாகத் தட்டுவார்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும், தேடினால் வராது. தலைப்பில் இது வந்தால் ஆளே வந்து சேரமாட்டார்கள்.

வாகுவா: யூடியூபில் தலைப்புக்கு 100 எழுத்து என்கிறது. நான் அறுபது சொச்சம்தான் தட்டினேன், ஏற்கவில்லை.

பதில்: அதன் கணக்கில் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனி. 'மொரிசியஸ்' உங்களுக்கு ஐந்து எழுத்து, அதற்கு ஒன்பது. தமிழில் அறுபதை உச்சவரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். போன் திரையில் அதிலும் முன்பாதிதான் தெரியும். ஆகவே ஊர், பண்டிகை, பொருள் எது முக்கியமோ அது முதல் மூன்று சொல்லுக்குள் வரட்டும்.

கூட்லாண்ட்ஸ்: கிரியோலில் பேசினால் "தமிழ் சேனலா இது" என்கிறார்கள். தமிழில் பேசினால் சொந்தப் பிள்ளைகளே பார்ப்பதில்லை. எதைச் செய்வது?

பதில்: யாருக்கு என்பதைக் காணொளிக்குக் காணொளி முடிவு செய்யுங்கள். இங்குள்ள பிள்ளைகளுக்கென்றால் கிரியோலில் பேசி, தமிழ் வசனவரி போடுங்கள். வசனவரியை வாசிக்கிற பழக்கத்திலேயே தமிழ் ஏறும். தமிழ்நாடு, இலங்கை, மலேசியா வரை போக வேண்டுமென்றால் தமிழில் பேசி, பிரெஞ்சு வசனவரி. ஒரே காணொளிக்குள் மூன்றையும் கலந்தால் தானியங்கி வசனவரி உளறும், நம்பாதீர்கள்.

வசனவரிக்கு சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருள் போதும். ஒரு தடவைக்கு இரண்டு வரி, வரிக்கு 30 எழுத்துச் சுமார். திரையில் ஒன்றரை நொடிக்குக் குறையக் கூடாது. அது தருகிற எஸ்ஆர்டி (.srt) என்ற வசனவரிக் கோப்பில் நேரம் 00:00:04,000 என்று காற்புள்ளியோடு இருக்க வேண்டும், முற்றுப்புள்ளி வைத்தால் சில இடங்களில் ஏற்காது. சேமிக்கும்போது யூடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். மறந்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகும். யூடியூபுக்குத் தனிக் கோப்பாக ஏற்றுங்கள், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குப் படத்தோடு பதித்துவிடுங்கள்.

ரோஸ் ஹில், இல்லத்தரசி: வாழையிலையில் ஏழு கறி வைப்பதைக் காணொளியாக எடுத்தேன். 34 நிமிடம் வந்துவிட்டது.

பதில்: ஏழு கறிக்கு ஏழு காணொளி போடுங்கள் அக்கா, ஒவ்வொன்றும் நான்கைந்து நிமிடம். கடைசியில் இலையில் பரிமாறுகிற வரிசைக்கு மட்டும் தனியாக ஒன்று. கேமராவைச் சட்டிக்கு நேர் மேலே வைக்காதீர்கள், ஆவி லென்ஸில் படியும். கொஞ்சம் சாய்த்து, அடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து எடுங்கள்.

அளவுகளை வாயால் சொல்லிவிட்டு விட்டுவிடுவதுதான் சமையல் காணொளிகளின் பெரிய குறை. கையில் மாவோடு யாரும் போனைப் பின்னோக்கி நகர்த்த மாட்டார்கள். பொருளும் அளவும் திரையில் வரட்டும், விவரக்குறிப்பிலும் இருக்கட்டும், உங்கள் பழைய வலைப்பூவில் முழுக் குறிப்பும் இருக்கட்டும், இணைப்பைக் கொடுங்கள். நீளமாகவே விட வேண்டுமென்றால் அத்தியாயம் பிரியுங்கள்: விவரக்குறிப்பில் முதல் நேரம் 0:00, மொத்தம் குறைந்தது மூன்று அத்தியாயம் இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் பத்து நொடிக்குக் குறையாமல். 0:00 விட்டுப்போனால் எதுவும் பிரியாது.

பெயர் வேண்டாம்: தைப்பூசக் காவடிக் காணொளிக்கு உரிமைக் கோரிக்கை வந்திருக்கிறது. திருப்புகழ் யாருக்கு ஐயா சொந்தம்?

பதில்: அருணகிரிநாதர் பாட்டு எல்லோருக்கும் பொது. அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிநாடா பொதுவில்லை. கோயில் ஒலிபெருக்கியில் பின்னணியில் ஓடினாலும் யூடியூபின் தானியங்கிச் சோதனை பிடித்துவிடும். 15 நொடி வரை தப்பலாம் என்பது கட்டுக்கதை. யூடியூப் ஸ்டுடியோவின் தொகுப்பானில் அந்தப் பகுதியை மட்டும் ஊமையாக்கலாம். அடுத்த முறை ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி நின்று, உங்கள் குழுவினரே பாடுவதை எடுங்கள்.

இதைவிட எனக்குக் கவலை முகங்கள்தான். அலகு குத்தியவர், அருள் வந்தவர், சின்னப் பிள்ளைகள் இவர்களை நெருக்கத்தில் காட்டும் முன் அவர்களிடமோ வீட்டாரிடமோ கேளுங்கள், கோயில் குழுவிடமும் சொல்லுங்கள். 2017-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கே நடைமுறையில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கேட்பதுதான் முறை.

போ பாசான்: வருமானம் எப்போது வரும்?

பதில்: விளம்பரப் பங்குக்கு 1000 சந்தாதாரர், 12 மாதத்தில் 4000 மணி நேரப் பார்வை. இல்லாவிட்டால் 90 நாளில் குறுங்காணொளிக்கு ஒரு கோடி பார்வை. 4000 மணி என்பது 2,40,000 நிமிடம். ஒருவர் சராசரியாக நான்கு நிமிடம் பார்த்தால் 60,000 பார்வை வேண்டும். குறுங்காணொளி ஓடையில் வருகிற பார்வை இந்த மணிக்கணக்கில் சேராது. சேனலின் நாட்டுக்கு இந்தத் திட்டம் உண்டா என்று ஸ்டுடியோவின் வருமானப் பகுதியில் முதலில் பாருங்கள். கூகுள் விளம்பரம் 2018 முதல் தமிழ்ப் பக்கங்களுக்கும் கிடைக்கிறது என்பதால் வலைப்பூவையும் கணக்கில் வையுங்கள். நம் கூட்டத்தின் அளவுக்கு, டியூஷன் நடத்துபவரோ நகைக்கடையோ தருகிற உள்ளூர் விளம்பரம்தான் சீக்கிரம் கைக்கு வரும்.

கியூர்பீப்: 40 நிமிடச் சொற்பொழிவில் கடைசியில் வாயசைவும் குரலும் ஒட்டவில்லை. லென்ஸிலும் வெள்ளையாக நூல் மாதிரி ஏதோ தெரிகிறது.

பதில்: போன் சட்டக வேகத்தை மாற்றி மாற்றிப் பதிகிறது. ஹேண்ட்பிரேக் (HandBrake) என்ற மென்பொருளில் போட்டு, மாறாத வேகம், 25 சட்டகம் என்று மாற்றியபின் தொகுங்கள். குரலைத் தனியாகப் பதிந்திருந்தால் அது 48 கிலோஹெர்ட்ஸா என்று பாருங்கள். தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று கை தட்டி வைத்தால் எவ்வளவு விலகியது என்று தெரியும். கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் ஆவணமாக அனுப்புங்கள், காணொளியாக அனுப்பினால் தரத்தைப் பிழிந்துவிடும்.

லென்ஸில் தெரிவது பூஞ்சை. உங்கள் ஊர் ஈரத்துக்குக் கேமராவைத் தோல் பைக்குள் வைக்கவே கூடாது. காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா பொட்டலம் இரண்டு, நிறம் மாறினால் பொட்டலத்தை மாற்றுங்கள். பூஞ்சை பிடித்த லென்ஸை மற்றதோடு சேர்த்து வைக்காதீர்கள்.

குவாத்ர் போர்ன்: எத்தனை மணிக்கு வெளியிடலாம்?

பதில்: மாலை 7. ரெயூனியனிலும் 7, இந்தியா, இலங்கையில் 8:30, டர்பனில் 5. மலேசியாவில் இரவு 11 ஆகிவிடும். அங்கே பார்ப்பவர்கள் அதிகமென்றால் ஞாயிறு மதியம் 3-க்குப் போடுங்கள். பத்து நிமிட 1080 காணொளி 600 எம்பி சுமார் வரும், ஏற்றி முடிந்தபின் உயர் தரம் வரவும் நேரமாகும். அதனால் காலையிலேயே ஏற்றி, நேரம் குறித்து வைத்துவிடுங்கள்.