ரெப்போ வீங்கிப்போச்சா? இந்த வார கேள்வி-பதில்

(புதுசா வர்றவங்களுக்கு: கோடுல பண்ற ஒவ்வொரு மாற்றத்தையும் சேத்து வெக்கிற டூல்தான் கிட். அந்த சேமிப்பு ரெப்போ, அதுல ஒவ்வொரு பதிவும் கமிட், கிட்ஹப் மாதிரி சர்வருக்கு அனுப்புறது புஷ், அங்கேர்ந்து முழுசா இறக்குறது குளோன்.)

120 எம்பி டெமோ வீடியோ கிட்ஹப்ல புஷ் ஆக மாட்டேங்குது. (வேளச்சேரி)

ஆகாது. ஒரு ஃபைல் 100 எம்பி தாண்டினா தடுத்துரும், 50-லயே வார்னிங் வருமே, பாக்கலையா? எல்எஃப்எஸ்ல (பெரிய ஃபைலை ரெப்போக்கு வெளில தனியா வெக்கிற கிட் வசதி) போடுங்க. ஆனா கமிட் போட்டப்புறம் எல்எஃப்எஸ்ல ட்ராக் பண்ணா பழைய கமிட்ல ஃபைல் அப்படியே கெடக்கும், பழைய கமிட்டையும் மாத்துற எல்எஃப்எஸ் மைக்ரேட் இம்போர்ட் கமாண்டை ஓட்டணும். அதுக்கு முன்னாடி ஒரு மிரர் குளோன் (ரெப்போவோட முழு நகல்) எடுத்து வைங்க.

பெரிய ஃபைலெல்லாம் டெலிட் பண்ணி கமிட் போட்டேன், சைஸ் குறையவே இல்ல. கிட்ல பக்-ஆ? (தாம்பரம்)

பக் கிட்ல இல்லீங்க. கிட் பழசை மறக்காது, அதுக்குத்தானே வெச்சிருக்கோம்! இன்னிக்கு டெலிட் பண்ணா இன்னிலேர்ந்துதான் இல்ல, போன வருஷ கமிட்ல அது பத்திரமா உக்காந்திருக்கும். பெருங்குடில நான் முன்னாடி இருந்த ஆபீஸ்ல வாராவாரம் 40 எம்பி ஏபிகே-வ (ஆண்ட்ராய்டு ஆப் ஃபைல்) கமிட் பண்ணிட்டு, அடுத்த வாரம் அதை டெலிட் பண்ணிட்டு புதுசு போடுவாங்க, ஃபோல்டர்ல எப்பவும் ஒண்ணுதான் இருக்கும், ஆனா ரெப்போ 6 ஜிபி. ஏபிகே ஏற்கனவே ஸிப் ஆனது, அதனால கிட்டால பெருசா சுருக்க முடியாது, ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட முழு சைஸ்தான். புதுசா சேந்த பையன் குளோன் போட்டுட்டு கீழ டீ குடிச்சிட்டு வந்தான், 38 சதவீதம்! பில்டை (ரெடியான ஆப் ஃபைலை) ரெப்போல போடாதீங்கன்னு எத்தனை தடவைதான் சொல்றது, அதுக்கு ரிலீஸ் பக்கம்னு ஒண்ணு இருக்கு.

சரி, வழி: மிரர் குளோன் எடுத்து வைங்க (மறுபடியும் சொல்றேன்), இன்னொரு புது குளோன்ல கிட் ஃபில்டர்-ரெப்போ (பழைய கமிட்லேர்ந்தும் ஃபைலை நீக்குற டூல்) ஓட்டுங்க. அது ஒரிஜின் ரிமோட்டை (சர்வர் முகவரியை) எடுத்துரும், பயப்படாம திரும்ப சேத்து ஃபோர்ஸ் புஷ் (சர்வர்ல இருக்கற பழசு மேலயே எழுதுறது) பண்ணுங்க. டீம்ல எல்லாரும் பழசை தூக்கிட்டு புதுசா குளோன் பண்ணணும், ஒருத்தர் பழைய பிராஞ்சை (தனியா வேலை பாத்த கிளையை) மெர்ஜ் பண்ணி தள்ளினாலும் மொத்த குப்பையும் திரும்ப வந்துரும்.

கிட்இக்னோர்ல (கிட் கண்டுக்கக் கூடாத ஃபைல் பட்டியல்) நோட் மாட்யூல்ஸ் (இறக்கின லைப்ரரி ஃபோல்டர்) போட்டும் புஷ் ஆகுது. (சிறுசேரி)

ஏற்கனவே ட்ராக் ஆனதை கிட்இக்னோர் தொடாது. கிட் ஆர்எம்-ஐ (நீக்குற கமாண்ட்) ஆர், கேஷ்ட் ரெண்டு ஆப்ஷனோட ஓட்டுங்க, ஃபோல்டர் உங்க மெஷின்ல இருக்கும், கிட்லேர்ந்து மட்டும் போகும். சைஸ் குறையுமான்னு கேக்காதீங்க, மேல தாம்பரத்துக்கு சொன்ன பதிலைப் படிங்க.

விண்டோஸ் ரெப்போ 300 ஜிபி-யாமே, எங்க 8 ஜிபி மட்டும் ஏன் திணறுது? (அம்பத்தூர்)

அதுக்காக மைக்ரோசாஃப்ட் தனியா ஒரு விர்ச்சுவல் ஃபைல் சிஸ்டமே (தேவைப்படுற ஃபைலை மட்டும் இறக்கும்) எழுதி 2017-ல வெளியிட்டுச்சு. நீங்களும் எழுதப் போறீங்களா? குளோன்தான் பிரச்சனைன்னா டெப்த் 1 ஆப்ஷன் (கடைசி கமிட்டை மட்டும் இறக்கும்) போதும்.

ரெப்போ வேலை செய்யல, அர்ஜென்ட்!!! (ஊர் போடல)

எரர் என்னன்னும் போடல.