சித்திரை வெயிலில் பூச்சாடியும் நாயும் பாம்பும்: வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வெயிலைப் பற்றித்தான். தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். செடியின் பெயர், வைத்திருக்கும் இடம், தண்ணீர் விடும் முறை, இந்த மூன்றையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் நான் சாத்திரம்தான் சொல்ல வேண்டும்.

வடக்குப் பார்த்த விறாந்தையில் அந்தூரியம் வைத்திருக்கிறேன். மாசி வரை நன்றாக இருந்தது, இப்போது இலை கருகுகிறது. வடக்குப் பக்கம் வெயில் வராது என்றார்களே? (உரும்பிராய்)

லண்டனில் இருக்கும் சொந்தக்காரர் யாரோ சொல்லியிருப்பார். அங்கே அது சரி. யாழ்ப்பாணத்தில் நமக்குச் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நடுப்பகல் சூரியன் உச்சந்தலைக்கு வந்துவிடும். அதன் பிறகு ஆவணி வரை கொஞ்சம் வடக்கே நின்றுதான் எரிக்கும். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக விறாந்தைக்குள் நுழைவது அதனால்தான். சாடியைக் கிழக்குப் பக்கம் மாற்றுங்கள், 9 மணி வரை படும் வெயில் போதும். ஐப்பசியில் பழைய இடத்துக்கே கொண்டுவரலாம்.

இலை மஞ்சளாகிறது. என்ன மருந்து அடிக்கலாம்? (ஊர் எழுதவில்லை)

எந்தச் செடியின் இலை? விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் தண்ணீரை நிறுத்துங்கள், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். மருந்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

சாடியின் விளிம்பிலும் மண்ணின் மேலும் வெள்ளையாகப் படிகிறது. பூஞ்சணமா? (சுன்னாகம்)

பூஞ்சணம் என்றால் பஞ்சு மாதிரி இருக்கும். நகத்தால் சுரண்டும்போது பொருக்காகப் பெயர்ந்தால் சுண்ணாம்பு. நம் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டியவை, கேத்திலின் அடியில் படிவதும் இதுதான். தண்ணீரில் உப்பும் சேர்ந்திருந்தால் இலை நுனி மண்ணிறமாகக் காயும். மேல் மண்ணை ஓரங்குலம் வழித்தெடுத்துவிட்டுப் புதிய மண் போடுங்கள். மாதம் ஒருமுறை, அடித்துளையால் நன்றாக ஓடும் வரை தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். தினமும் ஒரு கோப்பை தெளிப்பவர்களுக்குத்தான் உப்பு அதிகம் தேங்கும்.

முற்றம் முழுக்கக் கொங்கிறீட் போட்டு, இன்ரலொக் கல்லும் பதித்தோம். மாமரத்தின் இலைக் குப்பை தாங்காமல் அதையும் தறித்தாயிற்று. இப்போது இரவு 11 மணிக்கும் வீட்டுக்குள் வெக்கை. வீட்டைக் குளிராக்க எந்த உட்புறச் செடி நல்லது? (கொக்குவில்)

எந்தச் செடியும் இல்லை. அறைக்குள் பத்து மணிப்பிளாண்ட் வைத்தாலும் வெக்கை குறையாது. மாதம் நாலைந்து கடிதம் இதே கதையோடு வருகிறது, அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

கொங்கிறீட் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்து வைத்துக்கொண்டு இரவில் விடும். உங்கள் 11 மணி வெக்கை அதுதான். மாமரம் நின்றபோது வெயில் நிலத்தில் படவே விடவில்லை. அதோடு இலை வழியாக நீராவி விட்டுச் சுற்றுக் காற்றையும் தணித்தது. ஆயிரம் கல் பதித்தாலும் அந்த வேலையைச் செய்யாது. இலை கூட்ட ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போகும் என்று மரத்தைத் தறித்தீர்கள். இப்போது ஏ.சி. பூட்ட விலை கேட்டிருப்பீர்கள்.

அடுத்தது கிணறு. குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை நிலத்துக்குள் இறங்கி, சுண்ணாம்புக் கல்லுக்குள் உவர்நீரின் மேல் நல்ல தண்ணீராக மிதந்து நிற்கிறது. அதைத்தான் அள்ளிக் குடிக்கிறோம். முற்றத்தை மூடிவிட்டு மழைத் தண்ணீரைக் குழாய் வைத்து ஒழுங்கையில் விட்டால் கிணற்றுக்கு எதை மிச்சம் வைக்கிறீர்கள்? வெளிநாட்டுக் காசில் போட்டதை உடைக்க மனம் வராது, தெரிகிறது. முழுவதையும் உடைக்கச் சொல்லவில்லை. மதிலோரம் மூன்று நாலு அடி அகலத்துக்குக் கல்லைப் பெயர்த்து மண்ணைத் திறந்துவிடுங்கள். மேற்குப் பக்கம் உடனே முருங்கை நடுங்கள், ஒரு வருடத்தில் நிழல் தரும். மதிலிலிருந்து தள்ளி ஒரு வேம்பு. கிணற்றடித் தண்ணீர் ஓடும் இடத்தில் வாழை. வேறு மரம் மிஞ்சியிருந்தால் அடியைச் சுற்றி ஒரு மீற்றருக்குச் சீமெந்து நெருங்கக்கூடாது. மரத்தின் கழுத்து வரை சீமெந்து பூசி, மேலே வெள்ளையும் அடித்துவிட்டு, காய்க்கவில்லை என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பொமரேனியன் நாய். வெயிலுக்கு மயிரை ஒட்ட வழித்துவிடலாமா? (நல்லூர்)

வேண்டாம். வெயில் தோலில் நேரே படாமல் காப்பது அந்த மயிர்தான். தினமும் சீவி உதிர்ந்ததை எடுத்துவிடுங்கள். தகரக் கூரைக்குக் கீழே சங்கிலியில் கட்டாதீர்கள். நடத்திப் போகும் முன் புறங்கையைத் தார் றோட்டில் வைத்துப் பாருங்கள், ஐந்து விநாடி தாங்காவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. விடாமல் மூச்சிரைத்து, பல் முரசு செக்கச்செவேல் என்றாகி, தள்ளாடினால் அது வெப்ப அதிர்ச்சி. உடனே நிழலில் கிடத்திக் கிணற்றுத் தண்ணீரை உடல் முழுக்க ஊற்றி, காற்றாடியைப் போட்டு, பிறகு மிருக வைத்தியரிடம் ஓடுங்கள். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும்.

பூனைக்கு உடம்பு சுடுகிறது. அரைப் பனடோல் கொடுக்கலாமா? (மானிப்பாய்)

கூடாது. பூனையின் ஈரலால் அந்த மருந்தை முறிக்க முடியாது, ஒரு குளிசையே கொன்றுவிடும். போன தடவையும் எழுதினேன், அடுத்த தடவையும் எழுதுவேன். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தையும் பூனையின் மேல் விடாதீர்கள். அதில் பல, பூனைக்கு நஞ்சு.

கிணற்றடியில் ஆறடி நீளத்தில் ஒரு பாம்பு. ஆளைக் கண்டதும் வேகமாக ஓடுகிறது. அடிக்கலாமா? (கோப்பாய்)

நீளத்தையும் ஓட்டத்தையும் பார்த்தால் சாரை போலிருக்கிறது. ஆனால் படமில்லாமல் நான் உத்தரவாதம் தர மாட்டேன், கிட்டப் போகாதீர்கள். சாரைக்கு விஷமில்லை, எலிக்குத்தான் வந்திருக்கும். கோழித் தீனியை மூடி வைத்தால் எலி குறையும், பாம்பும் வேறு வளவு பார்க்கும். நீங்கள் பயப்பட வேண்டியது ஓடாத பாம்புக்கு. புடையன் என்ற விஷப் பாம்பு சருகுக்குள்ளும் விறகடியிலும் அசையாமல் கிடக்கும். இரவில் ரோச் லைற்றும் செருப்பும் இல்லாமல் முற்றத்தில் இறங்காதீர்கள். கடித்தால் கீறுவது, கயிறு கட்டுவது, பாம்பைத் தேடுவது எல்லாம் வேண்டாம். கடித்த இடத்தை அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு.

குருவிகளுக்குச் சட்டியில் தண்ணீர் வைத்தால் டெங்கு வருமா? (சாவகச்சேரி)

தினமும் மாற்றினால் வராது. முட்டை கொசுவாக ஒரு கிழமைக்கு மேல் தேவை. ஆனால் கொட்டினால் மட்டும் போதாது, முட்டை சட்டியின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் இருக்கும். தும்பால் தேய்த்துக் கழுவுங்கள். பூச்சாடித் தட்டுக்கும் இதே விதி.

செவ்வரத்தையில் வெள்ளைப் பஞ்சு போன்ற பூச்சி. (பருத்தித்துறை)

முதலில் குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவுங்கள். பிறகு ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், நாலு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். பின்னேரம் மட்டும் அடியுங்கள், பகலில் அடித்தால் எண்ணெயோடு இலை வெந்துவிடும். எறும்பு ஏறும் வழியையும் மறியுங்கள். அந்தப் பூச்சியைக் காவல் காப்பதே எறும்புதான்.

அணில் குஞ்சு கூட்டிலிருந்து விழுந்துவிட்டது. பசுப்பால் கொடுக்கிறேன். (வல்வெட்டித்துறை)

நிறுத்துங்கள், வயிற்றோட்டம் வரும். சின்னப் பெட்டியில் துணி விரித்து அதே மரத்தடி நிழலில், பூனைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். தாய் பெரும்பாலும் வந்து தூக்கிப் போகும்.

மூன்று கிழமை கனடா போகிறோம். போத்தலைக் கவிழ்த்து வைத்தால் சாடிகளுக்குப் போதுமா? (திருநெல்வேலி)

இந்த வெயிலில் இரண்டு மூன்று நாள் தாங்கும். சாடிகளை எல்லாம் மரநிழலில் நெருக்கி வைத்து, பக்கத்து வீட்டாரிடம் வாளியைக் கொடுத்துவிட்டுப் போங்கள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றச் சொல்லுங்கள். கடிதத்தின் கடைசி வரியில் வீட்டில் ஒரு நாயும் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை யார் பார்க்கப் போகிறார்கள்?