நெட்வொர்க் கார்டைக் கழற்றி இன்னொரு பிரிண்டரில் மாட்டலாமா?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஹெச்பி லேசர்ஜெட் 4050 பிரிண்டர்கள் இரண்டு உள்ளன. நெட்வொர்க் கார்டு உள்ள பிரிண்டர் பழுதாகிவிட்டது. மற்றொன்றில் கார்டு இல்லை. கார்டை மாற்றித் தரும்படி கேட்டால், "ஒரு மெஷினின் கார்டு இன்னொரு மெஷினுக்குச் சேராது, புதிதாகத்தான் வாங்க வேண்டும்" என்கிறார் சர்வீஸ்காரர். இது உண்மையா?

பதில்: உண்மை இல்லை, தாராளமாக மாற்றலாம். உங்களிடம் இருப்பது 'ஜெட்டைரக்ட்' எனப்படும் தனிக் கார்டு. அது எந்த மெஷினுடனும் பிணைக்கப்பட்டதல்ல. மாடல் எண்ணின் பின்னால் 'என்' என்ற எழுத்துடன் விற்கப்பட்ட பிரிண்டரும் அதே மெஷின்தான். கார்டைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி அனுப்பினார்கள்.

இரண்டு பிரிண்டர்களையும் அணைத்து, மின்கம்பியையும் பிடுங்கிவிடுங்கள். மின்சாரம் ஓடும்போது கார்டை இழுத்தால் கார்டு மட்டுமல்ல, பிரிண்டரின் போர்டும் போய்விடக்கூடும். பின்பக்கத்தில் கார்டைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளைத் தளர்த்தி, ஓரங்களை மட்டும் பிடித்து நேராக இழுங்கள். மற்ற பிரிண்டரில் அது முழுவதும் உள்ளே போய் உட்காரும்வரை அழுத்திய பிறகே திருகை முடுக்க வேண்டும். அரைகுறையாக நிற்கும் கார்டைத் திருகால் இழுத்துச் சேர்க்கப் பார்க்காதீர்கள். பிறகு, பிரிண்டரின் மெனுவிலிருந்து கான்ஃபிகரேஷன் பக்கத்தை அச்சிடுங்கள். கார்டு ஏற்கப்பட்டிருந்தால் ஜெட்டைரக்ட் விவரங்களுடன் தனியாக ஒரு தாள் வெளிவரும். அந்தத் தாளைப் பார்க்காமல் யாருக்கும் கூலி கொடுக்காதீர்கள்.

பிரிண்டரின் நெட்வொர்க் அடையாளமான 12 இலக்க மேக் முகவரி கார்டில்தான் இருக்கிறது. ஆகையால், அந்த மேக் முகவரிக்கென ஒரு ஐபி முகவரி (நெட்வொர்க்கில் கணினிகள் பிரிண்டரைக் கண்டுபிடிக்கும் எண்) ஒதுக்கப்பட்டிருந்தால் அதுவும் கார்டோடு கூடவே வந்துவிடும். கணினிகளில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. இந்தச் சிறு உண்மையை மறைத்து, ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியே 'இன்ஸ்டாலேஷன்' கட்டணம் வாங்குவது இத்தொழிலில் நடக்கிறது.

விலக்கு ஒன்று உண்டு, அதைக் கவனமாகப் படியுங்கள். 4000, 4050 போன்ற பழைய மாடல்களின் கார்டு இடம் 5 வோல்ட்டில் இயங்குவது. பின்னாளில் வந்த 620என் போன்ற கார்டுகளோ 3.3 வோல்ட்டுக்கு மட்டுமே ஆனவை. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். உங்கள் கார்டு இன்னொரு 4050-லிருந்து வருவதால் உங்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் அது கெட்டுப்போய், "இதைவிடப் புதியது, வேகமானது" என்று ஒருவர் வேறு கார்டைக் கொண்டுவந்தால், உங்கள் மாடல் எண்ணுக்கு அது பொருந்தும் என்று எழுத்தில் கேளுங்கள். வாங்குபவரின் பணத்தை விழுங்கும் இந்த வோல்ட் வேறுபாட்டை, கையேட்டைத் துருவித்தான் அறிய வேண்டும் என்ற நிலையில் விட்டுவைத்திருப்பது எந்த விதத்திலும் நியாயமில்லை.

பழைய கார்டை வெளியில் வாங்க நேர்ந்தால், முந்தைய அலுவலகத்தின் நிலையான ஐபி முகவரியும் கடவுச்சொல்லும் அதிலேயே தங்கியிருக்கலாம். தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்தால் இரண்டும் அழிந்துவிடும்; அதைச் செய்யாமல், நல்ல கார்டையே 'செத்துவிட்டது' என்று சொல்லி எடுத்துப்போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பழுதான பிரிண்டரைக் கழிவுக்கு அனுப்புவதற்கு முன்பே உங்கள் கார்டைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.