சட்ட ஆலோசனை: 100 கிலோ தாங்கும் என்று விற்ற ரூஃப் ராக் சறுக்கியது, நட்டஈடு கேட்கலாமா?

கேள்வி: உப்புவெளியில் சுற்றுலாப் பயணிகளுக்குக் கயாக் வாடகைக்கு விடுகிறேன். ஐந்து வாரங்களுக்கு முன் திருகோணமலை நகரில் ஒரு கடையில் என் சிறிய காருக்கு ரூஃப் ராக் (கூரைமேல் பொருள் ஏற்றும் குறுக்குக் கம்பிகள்) வாங்கி, அங்கேயே பூட்டுவித்தேன். இரண்டு கயாக் ஏற்றப்போவதாகச் சொன்னேன். "100 கிலோ தாங்கும், பயமில்லை" என்றார்கள். பெட்டியிலும் அப்படித்தான் இருக்கிறது. கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் போகையில் யானை குறுக்கிட்டது. சடுதியாகப் பிரேக் பிடித்தேன். ராக் முன்னுக்குச் சறுக்கி, ஒரு கயாக் முன்னால் நின்ற முச்சக்கர வண்டியில் விழுந்தது. யாருக்கும் காயமில்லை. என் கார்க் கூரை நெளிந்துவிட்டது. நான் பாரம் கூட ஏற்றியதாகச் சொல்லிக் கடைக்காரர் கைவிரிக்கிறார். கயாக் ஒன்று 27 கிலோ. காரின் கைநூல் யப்பானிய மொழியில் இருக்கிறது. கூரைப் பாரம் பற்றிய பக்கத்தில் 50 கிலோ என்ற எண் மட்டும் புரிகிறது.

பதில்: உங்களுக்கு வழக்கு இருக்கிறது, ஆனால் முழுமையான வழக்கு அல்ல. காரணம் அந்த 50 என்ற எண்.

ராக் பெட்டியில் உள்ள 100 கிலோ அந்தக் குறுக்குக் கம்பிகளின் தாங்குதிறன். உங்கள் கார்க் கூரையின் தாங்குதிறன் வேறு. கார், கம்பி, கயாக்கைப் பிடிக்கும் தாங்கி ஆகிய மூன்றில் எது மிகக் குறைவோ அதுவே எல்லை. கார் ஓடும்போது கூரை தாங்கக்கூடிய பாரத்தையே பொதுவாகக் கைநூல் சொல்கிறது. அதில் ராக்கின் சொந்த எடையும் அடங்கும். கம்பிகள் 6 கிலோ, தாங்கிகள் 4 கிலோ என்று வைத்தால், ஏற்றுவதற்கு மிஞ்சுவது 40 கிலோ. நீங்கள் ஏற்றியது 54. துடுப்புகளையும் லைஃப் ஜாக்கெட்டுகளையும் கயாக்குக்குள்ளேயே திணித்திருந்தால் அதற்கும் மேல். ஒரு கயாக் என்றால் எல்லைக்குள் நின்றிருக்கும். பிரேக் பிடிக்கும்போது இந்தப் பாரம் முழுவதும் முன்னோக்கித் தள்ளும். சடுதிப் பிரேக்கில் அந்தத் தள்ளுவிசை பாரத்தின் எடையில் முக்கால் பங்கை எட்டலாம். அதைத் தடுத்து நிற்பவை கம்பியின் நான்கு கால்கள் மட்டுமே.

கடைக்காரர் இந்த எண்ணைப் பிடித்துக்கொள்வார். ஆனால் அவரும் எளிதில் தப்ப முடியாது. இலங்கையின் 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டப்படி, வாங்குபவர் தன் தேவையை விற்பவருக்குத் தெரிவித்து, அவருடைய அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருத்தமாக இருக்கவேண்டும். உங்கள் கார் கடை வாசலில் நின்றது, இரண்டு கயாக் என்றும் சொன்னீர்கள். அப்படியிருக்க, பெட்டியில் உள்ள 100 கிலோ என்ற எண் கம்பிக்கு உண்மையாகவே இருந்தாலும், இந்தக் காருக்கு இது போதும் என்று பொருள்படும் அவர்களின் வாய்மொழி உறுதி தவறானது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் செயலையும், பொருளின் தரம் பற்றிய பொய்க் கூற்றையும் தடை செய்கிறது. பூட்டிக்கொடுத்தது ஒரு சேவை. அதையும் உரிய கவனத்தோடு செய்யவேண்டும் என்ற மறைமுக உத்தரவாதம் அதே சட்டத்தில் உண்டு.

ஆகவே வழக்கின் உயிர், ராக் ஏன் சறுக்கியது என்பதில் இருக்கிறது. கால்கள் நின்ற இடத்திலேயே தகடு பள்ளமாகியிருந்தால் அது பெரும்பாலும் அதிக பாரத்தின் அடையாளம். பழி உங்கள் பக்கம் சாயும். கால்கள் நெடுகக் கீறிக்கொண்டு முன்னே போயிருந்தால், பிடி இறுக்கப்படவில்லை அல்லது அந்தக் கூரைக்கு உரிய பிடியே பூட்டப்படவில்லை என்ற வாதம் வலுக்கும். காருக்கு அழகுக்காக ஒட்டிய பிளாஸ்ரிக் ரெயில்களில் கம்பியைப் பூட்டியிருந்தால் அது கடையின் அப்பட்டமான கவனயீனம், ஏனெனில் அவை பாரத்துக்கு உரியவை அல்ல. வெல்டிங் விட்டிருந்தாலோ போல்ட் முறிந்திருந்தாலோ பொருளிலேயே பழுது. உப்புக் காற்றால் துருவேறிய போல்ட் என்று சொல்ல இடமில்லை. ஐந்து வாரத்தில் நல்ல போல்ட் அந்த அளவுக்கு அரிக்காது. கடை எதிர்பாராமல் கேட்கக்கூடிய ஒரு கேள்வி இருக்கிறது: முதல் ஐம்பது கிலோமீற்றர் அளவு ஓடியபின் போல்ட்டுகளை மறுபடி இறுக்கினீர்களா? பல உற்பத்தியாளர்களின் அறிவுறுத்தல் தாள் இதைக் கேட்கிறது. அந்தத் தாளைக் கடை உங்களிடம் தந்ததா என்பதை இப்போதே எழுதி வையுங்கள்.

கூரையைத் திருத்த வேண்டாம். நான்கு கால் இடங்களையும் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். கயாக்கைத் தராசில் நிறுத்து, எடை தெரியும்படி படம் எடுங்கள். கைநூலின் அந்தப் பக்கத்துக்குச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் மொழிபெயர்ப்பு பெறுங்கள். வாகன மதிப்பீட்டாளரின் எழுத்து அறிக்கையும் தேவை. பெட்டி, பற்றுச்சீட்டு, கடையோடு பரிமாறிய வட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்கவோ எறியவோ கூடாது.

முதலில் கடைக்குப் பதிவுத் தபாலில் கடிதம்: வாங்கிய திகதி, நீங்கள் சொன்ன தேவை, அவர்கள் சொன்ன உறுதி, இழப்பின் தொகை, பதிலுக்கு 14 நாள். ஒத்துவராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்துமூல முறைப்பாடு. விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் அது போய்ச் சேரவேண்டும். ஐந்து வாரம் ஏற்கனவே போய்விட்டது. பணத்தைத் திருப்பித் தரவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, நட்டஈடு வழங்கவோ அதிகாரசபை கட்டளையிடலாம். நீதிமன்றம் போவதென்றால், சிறு தொகைப் பிணக்குகளை முதலில் மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோய், தீரவில்லை என்ற சான்றிதழ் பெற்றே வழக்கிட முடியும். கவனயீனத்துக்கான நட்டஈட்டு வழக்குக்குக் கால எல்லை 2 ஆண்டு, எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்துக்கு 3 ஆண்டு. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, உங்கள் பங்குக் கவனயீனத்துக்கு ஏற்ப நட்டஈட்டை நீதிமன்றம் குறைக்கலாம். மொழி புரியாத கைநூல் உங்களுக்குச் சற்று உதவும். ஆனால் கயாக்கை வாடகைக்கு விடும் தொழில் செய்பவர் என்பதால் உங்களிடம் எதிர்பார்க்கப்படும் கவனம் கூடுதலாகவே இருக்கும். பாதித் தொகையளவில் கடை இணங்கினால், அதை நான் ஏற்றுக்கொள்ளச் சொல்வேன்.

முச்சக்கர வண்டிக்காரர் நேரடியாக உங்களிடம்தான் கேட்பார். அவருக்கும் கடைக்கும் ஒப்பந்தம் எதுவும் இல்லை. காப்புறுதி நிறுவனத்துக்கு உடனே அறிவியுங்கள். "என் பிழைதான்" என்று அவருக்கு எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். காப்புறுதியாளரின் சம்மதமின்றிப் பொறுப்பை ஏற்றால், உங்கள் கோரிக்கையை மறுக்க அதுவே காரணமாகலாம். இரக்கத்தால் ஏதேனும் பணம் கொடுப்பதாக இருந்தால்கூட, முதலில் காப்புறுதி நிறுவனத்திடம் கேட்டுவிட்டு, "உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்று எழுதிய பற்றுச்சீட்டோடு கொடுங்கள். கழற்றிய ராக்கைத் திரும்பப் பூட்டி ஓடவேண்டாம். கடைக்காரர் மாற்றித் தருகிறேன் என்றாலும், மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை அது உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.