ப்ளாக் எழுதும் பெண்ணுக்கு 14 லட்ச ரூபாய் சீட் எதற்கு?

அடுத்து என்ன படிக்கலாம் என்று ஆலோசனை கேட்டு, போன சனிக்கிழமை கொரட்டூரிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. அப்பா, அம்மா, பிளஸ் டூ முடித்த பெண், கூடவே பெரிய மாமா. "எந்நேரமும் ஏதோ ப்ளாக் எழுதிக்கிட்டே இருக்கா மேடம், பயமா இருக்கு" என்றார் அம்மா. பயப்பட ஒன்றுமில்லை என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். அதற்குள் மாமா ஒரு தாளை மேஜையில் வைத்தார். மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ், 4 வருடத்துக்கு 14 லட்சம், அதற்குத் திருநின்றவூர் மனையை விற்கப்போகிறார்களாம். ஆறுதல் அதோடு சரி.

பெண்ணின் போனை வாங்கிப் பார்த்தேன். கொரட்டூர் ஏரியைப் பற்றி 2 வருடமாக எழுதுகிறாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் கரையோரம் ஒரே மின்கம்பத்தின் பக்கத்தில் நின்று படம் எடுத்து, தண்ணீர் எவ்வளவு ஏறியது, இறங்கியது என்று பதிவிடுகிறாள். நோட்டுத்தாளில் கையால் வரைந்த ஒரு வரைபடமும் இருந்தது. எனக்கே வழி புரிந்தது, நான் அந்தப் பக்கம் போனதே இல்லை.

"இப்பல்லாம் ப்ளாக்கை யார் படிக்கிறாங்க?" என்றார் மாமா. பாதி சரிதான். 1999-ல் ப்ளாக் எழுத இடம் தரும் பிளாகர் தளம் வந்தது, 2003-ல் கூகுள் அதை வாங்கியது, அதே வருடம் ப்ளாக் நடத்த உதவும் வேர்ட்பிரஸ்ஸும் வந்தது. அப்போது தமிழிலும் ஊரெல்லாம் எழுதினார்கள், தமிழ் ப்ளாக்குகளைத் திரட்டிக் காட்டும் தமிழ்மணத்தில் போய்ப் படித்தார்கள். அப்புறம் அந்தக் கூட்டம் ஃபேஸ்புக்குக்கும் யூடியூபுக்கும் போய்விட்டது. விளம்பரத்தை நம்பி உட்கார்ந்தால், ப்ளாக்கில் விளம்பரம் போட்டுக் காசு தரும் கூகுள் ஆட்சென்ஸில் 100 டாலர் சேரும் வரை காசே கைக்கு வராது. ப்ளாக்கை வைத்துப் பிழைக்கச் சொல்லி நானும் சொல்லமாட்டேன். ஆனால் அதே எழுத்து இன்று கம்பெனிகளுக்குள் சம்பள வேலையாகியிருக்கிறது, அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

டெக்னிக்கல் ரைட்டர் என்று ஒரு வேலை. நம் சென்னையிலேயே ஜோஹோ, ஃப்ரெஷ்வொர்க்ஸ் மாதிரி சாஃப்ட்வேர் தயாரிக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. அவற்றின் சாஃப்ட்வேரை வாங்குகிறவர், எந்தப் பட்டனை அழுத்துவது என்று தெரியாமல் ஹெல்ப் பக்கத்தைத் திறப்பார் இல்லையா, அதை ஒருவர் உட்கார்ந்து எழுதுகிறார். டெவலப்பரிடம் போய் "இது எதுக்கு?" என்று அவர் அலுத்துக்கொள்ளும் வரை கேட்க வேண்டும், தானே பயன்படுத்திப் பார்க்க வேண்டும், ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும், பத்து வரியை மூன்றாக்க வேண்டும், அடுத்த ரிலீஸில் பட்டன் இடம் மாறினால் மறுபடி திருத்த வேண்டும். பல இடங்களில் இன்டர்வியூவில் ஒரு எழுத்துத் தேர்வு வைப்பார்கள், எழுதிய மாதிரிகளைக் கேட்பார்கள். இவளிடம் 2 வருட மாதிரி இருக்கிறது! ஆங்கிலத்திலும் எழுதிப் பழக வேண்டும், மார்க்டவுன் (எளிய குறிகளால் எழுத்தை வடிவமைக்கும் முறை), கிட் (திருத்தங்களைப் பதிந்து வைக்கும் கருவி), கொஞ்சம் எச்டிஎம்எல் (வெப் பக்கம் எழுதும் மொழி) கற்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் இன்டர்நெட் இருந்தால் போதும், பணம் வேண்டாம்.

"ஏஐ எழுதிடாதா?" என்று அப்பா கேட்டார், நல்ல கேள்வி. வார்த்தைக்கு இத்தனை பைசா என்று எழுதும் வேலை தேயத்தான் செய்கிறது. விஷயம் தெரிந்து சரிபார்க்கிறவருக்கு இன்னும் இடம் இருக்கிறது. 2012 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் தீர்ப்பு சொன்னபோது சிஎன்என், ஃபாக்ஸ் டிவி சேனல்கள் அவசரத்தில் தலைகீழாக அறிவித்தன. ஸ்காட்டஸ்பிளாக் என்ற ப்ளாக் நின்று நிதானமாகப் படித்துச் சரியாகச் சொன்னது. அதைத் தொடங்கியவர்கள் வழக்கறிஞர்கள், அவர்களுக்குச் சட்டம் தெரியும்.

அதனால் இவளும் ஒரு பாடத்தை ஆழமாகப் படிக்கட்டும். என்ன பிடிக்கும் என்று கேட்டதற்கு, மாமாவைப் பார்க்காமல் "ஜியாகிரஃபி" என்றாள். கடற்கரையில் ராணி மேரி கல்லூரி இருக்கிறது, அரசுக் கல்லூரி, ஒரு வருடச் செலவு மாமாவின் தாளில் ஒரு மூலைக்குக்கூட வராது. முதல் சம்பளம் மாமா சொல்லும் தொகையைவிடக் குறைவாகவே இருக்கலாம், அதை மறைக்கவில்லை. ஆனால் கடன் இல்லாத 21 வயதுப் பெண் குறைந்த சம்பளத்தில் சேர்ந்து கற்றுக்கொள்ளலாம், மனையை விற்றுப் படித்தவளால் அது முடியாது.

மனையில் கை வைக்காதீர்கள் சார். அரசுக் கலைக் கல்லூரிகளுக்கான ஆன்லைன் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு மூன்று பேரும் வாருங்கள். மாமா வேண்டாம்.