அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கும் தெற்கும் மோதிய கெட்டிஸ்பர்க் சண்டை என்றாலே வடக்குப் படையின் 20வது மெய்ன் ரெஜிமென்ட்தான் பேசப்படுகிறது. வேறு எந்த ரெஜிமென்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்?

என் பதில்: 1வது மினசோட்டா. இதில் கொஞ்சம் ஊர்ப்பாசம் உண்டு, மறைக்கவில்லை. பிழைப்புக்காக மினசோட்டாவுக்கு வந்து சில வருஷமாகிறது. செயின்ட் பாலில் உள்ள மாநிலத் தலைமைச் செயலகத்துக்கு ஊரிலிருந்து வந்த விருந்தாளிகளைக் கூட்டிப்போனபோது, மாடியில் வாளோடு நிற்கும் ஒரு சிலையைப் பார்த்தேன். கர்னல் வில்லியம் கால்வில், கெட்டிஸ்பர்க்கில் அந்த ரெஜிமென்டை நடத்தியவர். யார் இவர் என்று தேடப் போய்த்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது.

கால்வில் ரெட் விங் என்ற ஆற்றங்கரை ஊரில் வக்கீல், பத்திரிகையும் நடத்தியவர். அந்தக் காலத்து ரெஜிமென்ட் என்றால் பத்து கம்பெனி, ஏட்டளவில் சுமார் ஆயிரம் பேர். ஒரு கம்பெனி முழுக்க ஒரே வட்டாரத்துப் பையன்களாகவே இருப்பார்கள். ஒரு மோசமான மத்தியானம் போதும், ஊரில் பாதி வீட்டில் இழவு விழுந்துவிடும். 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் வந்து சேர்ந்தபோது இரண்டு வருஷப் போர் தின்றது போக இவர்களில் சில நூறு பேர்தான் மிச்சம்.

போகிற வழியில் நடந்த ஒரு கூத்தைச் சொல்லியாக வேண்டும். ஜூன் 29 அன்று குறுக்கே ஒரு ஓடை. இறங்கி நடந்தே கடக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. பக்கத்தில் மரக்கட்டை கிடக்கிறது. அன்றைக்கு நடக்க வேண்டியதோ 30 மைலுக்கு மேல். நனைந்த காலுறையோடு அவ்வளவு தூரம் நடந்தால் பாதம் கொப்புளித்துக் கிழிந்துவிடும் என்பது நடப்பவனுக்குத்தான் தெரியும். பையன்கள் கட்டை மேல் ஏறிக் கடந்தார்கள். அதற்காகக் கால்வில்லைக் கைது செய்தார்கள்! ஜூலை 2 அன்றுதான் விடுவித்துப் பொறுப்பைத் திருப்பித் தந்தார்கள்.

அன்று சாயங்காலமே அது நடந்தது. வடக்குப் படையின் இடப்பக்கத்தில் ஜெனரல் டேனியல் சிக்கிள்ஸ் தன் படையைச் சொல்லாமல் கொள்ளாமல் முன்னே நகர்த்தி வைத்திருந்தார். (மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்றுவிட்டு, புத்தி பேதலித்திருந்தது என்று வாதாடி விடுதலையான அரசியல்வாதி. அவரைப் பற்றி எழுதினால் தனிப் பதிலாகிவிடும்.) அந்தப் படை உடைந்து சிதறியதில் செமட்டரி ரிட்ஜ் மேட்டில் ஒரு பெரிய ஓட்டை. அதை நோக்கி தெற்குப் படையின் வில்காக்ஸ் நடத்திய அலபாமா பிரிகேட் (பல ரெஜிமென்ட் சேர்ந்த படை) வந்துகொண்டிருந்தது, ஆயிரத்துக்கும் மேல். ஓட்டையை அடைக்க ஆள் வரச் சில நிமிடங்கள் ஆகும். குதிரையில் வந்த வடக்குப் படை ஜெனரல் ஹான்காக் கண்ணில் பட்டது இந்த ஒரே ரெஜிமென்ட். இது எந்த ரெஜிமென்ட் என்று கேட்டார். சொன்னார்கள். எதிரே தெரிந்த கொடிகளைக் காட்டி, பாயச் சொன்னார்.

அப்போது அங்கே இருந்தது 262 பேர். துப்பாக்கி முனையில் பயனெட் கத்தியை மாட்டிக்கொண்டு சரிவில் ஓடினார்கள். கீழே பிளம் ரன் என்று ஒரு சின்ன ஓடை. அதன் கரையில் வந்த முன்வரிசையை முட்டி நிறுத்திவிட்டு, அங்கேயே படுத்து மூன்று பக்கத்திலிருந்தும் சூடு வாங்கினார்கள். கால்வில்லுக்குத் தோளிலும் காலிலும் குண்டு. கொடி பிடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள், கொடியை மட்டும் விடவில்லை. கால்மணி நேரம் இருக்கலாம். ஓட்டை அடைபட்டது. திரும்பி வந்தவர்கள் 47 பேர் என்பது ரெஜிமென்ட்காரர்களே சொல்லிவந்த கணக்கு. அந்த எண்ணிக்கையை வைத்து இன்றைக்கும் ஆய்வாளர்கள் சண்டை போடுகிறார்கள். எப்படிக் கழித்துப் பார்த்தாலும் பயங்கரம்தான்.

சரி, பிறகு ஏன் 20வது மெய்னுக்கு மட்டும் இத்தனை புகழ்? அவர்கள் லிட்டில் ரவுண்ட் டாப் குன்றில் செய்ததும் சாதாரணமல்ல, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களுடைய கர்னல் சேம்பர்லின் கல்லூரியில் சொற்கலை கற்பித்த பேராசிரியர். பிற்பாடு மெய்ன் மாநில ஆளுநரானார். 1914 வரை உயிரோடு இருந்து, எழுதியும் பேசியும் அந்த நாளை நிலைநிறுத்தினார். போதாததற்கு அவருடைய ஆட்களில் பெரும்பாலோர் உயிரோடு திரும்பினார்கள், ஊர் ஊராகக் கதை சொல்ல வாயிருந்தது. கால்வில்லின் ஆட்களில் அப்படிச் சொல்ல எத்தனை பேர் மிஞ்சினார்கள்?

மறுநாள் தெற்குப் படை ஜெனரல் பிக்கெட்டின் தாக்குதலை மறித்த இடத்துக்கும் இந்த மிச்சம்மீதிப் பேரைத்தான் அனுப்பினார்கள். அங்கே மார்ஷல் ஷெர்மன் என்ற சிப்பாய் 28வது வர்ஜீனியாவின் கொடியைப் பறித்துக்கொண்டார். அது இன்னும் செயின்ட் பாலில்தான் இருக்கிறது. வர்ஜீனியாக்காரர்கள் திருப்பிக் கேட்டுப் பார்த்தார்கள். 2013இல், போரின் 150வது ஆண்டுக்கு இரவலாகவாவது கொடுங்கள் என்றார்கள். அதற்கும் முடியாது என்று சொல்லிவிட்டார் மினசோட்டா ஆளுநர்.