கேளுங்க சொல்றோம்

கேள்வி: அண்ணே, அமெரிக்காவுல சர்ச்சுல சுட்டதும் பழைய கொடியை இறக்குனாங்களே, துப்பாக்கிய விட்டுட்டு துணியப் புடிச்சா கொலை நின்னுருமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: நிக்காது தம்பி. ஆனா துணிதானேன்னு விட்டுட முடியாது. 2015 ஜூன்ல தெற்கு கரோலினா மாநிலத்து சார்ல்ஸ்டன்ல, சர்ச்சுல பைபிள் வகுப்புல இருந்த 9 கறுப்பினத்தவங்கள சுட்டவன் அந்தக் கொடியோட எடுத்த போட்டோவ நெட்ல போட்டிருந்தான், அடிமை முறைய காப்பாத்த சண்டை போட்ட தென் மாநிலங்களோட கொடி அது, தெற்கு கரோலினா சட்டசபை உச்சில ஏத்துனது 1961ல, அந்த உள்நாட்டுப் போரோட நூறாவது வருஷம்னு சாக்கு, ஆனா கறுப்பினத்தவங்க உரிமை கேட்டு தெருவுக்கு வந்த நேரம் அது. இதுல என்ன பாரம்பரியம்? அப்புறமா வளாகத்துக்கு மாத்தி, ஒருவழியா 2015 ஜூலை 10ல இறக்குனாங்க.

துப்பாக்கி கதை தனி. அங்க துப்பாக்கி வாங்குறவன் மேல குற்ற வழக்கு ஏதும் இருக்கான்னு பாக்குற பின்னணி செக் 3 வேலை நாள்ல முடியலன்னா கடைக்காரர் வித்துடலாம், அவன் அப்படித்தான் வாங்குனான்.

நம்ம கீழவெண்மணில 1968 டிசம்பர் 25 ராத்திரி 44 பேர குடிசையோட எரிக்க தீ போதுமா இருந்துச்சு, கூலி உசத்திக் கேட்ட தலித் ஜனங்க. இப்ப பசங்க மணிக்கட்டுல சாதியக் காட்டுற கலர் கயிறு. பள்ளிக்கூடத்துல அத தடை பண்ணச் சொல்லி நீதிபதி சந்துரு குழு 2024லயே அறிக்கை குடுத்தாச்சு, உங்க தெருப் பசங்க கையில என்ன கலர்னு பாத்தீங்களா?